பலகைத் தளத்தில் இரண்டு தட்டு

எங்கள் தெருவில் அந்த டான்ஸ் டீச்சரைப் பிடிக்காத ஆள் ஒருத்திதான் இருந்தாள். அது நான்.

தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் சாயங்காலம் வேலை விட்டதும் பிள்ளைகளைத் தேடி வீட்டுக்குப் போக மாட்டார்கள். நேரே டீச்சர் வகுப்பு நடத்துகிற இடத்துக்குத்தான் வருவார்கள். பிள்ளைகள் அங்கேதான் கிடக்கும். பழக்கடைக்காரர் அவருக்கென்று கொய்யாவைப் பொறுக்கி எடுத்துவைப்பார். பசுவந்தனை பஸ்ஸில் அவர் ஏறினால் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து இடம் விடுவார்கள். ஊரே சேர்ந்து ஒருவரைத் தலையில் தூக்கிவைத்தால் எனக்கு உடனே உள்ளுக்குள் ஒரு நெருடல் வந்துவிடும். இதில் என்னமோ இருக்கிறது என்று தோன்றும். என் குணம் அது. இதை மாற்றித் தா என்று அம்மனிடமே எத்தனையோ தடவை முறையிட்டிருக்கிறேன். மாறவில்லை.

அப்படிப்பட்ட நான் என் மகளை அவரிடம் அனுப்பியதற்குக் காரணம் ஒரு நேர்ச்சை. மகளுக்கு ஒன்பது வயதில் கடுமையான காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். நான் தெரு முக்கில் இருக்கிற எங்கள் அம்மன் கோயில் வாசலில் போய் விழுந்தேன். "எம் பிள்ளைய எந்திரிச்சு நடக்க வையி தாயே, அவ காலுல சலங்கை கட்டி ஒன் சந்நிதியில ஆட வைக்கேன்" என்று சொல்லிவிட்டேன். யாரும் கேட்டு வாங்கிய வார்த்தை இல்லை. நானாகச் சொன்னது. ஆறாம் நாள் பிள்ளை கஞ்சி கேட்டாள். அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள். இனி நான் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால் கொடுத்ததை அவளே திருப்பி எடுத்துக்கொள்வாளோ என்று பயம். டான்ஸ் சொல்லிக்கொடுக்க எங்கள் பக்கம் அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது.

அவர் எங்கள் ஊருக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. ஐம்பது வயது இருக்கும். தனியாள். பசுவந்தனைப் பக்கம் ஒரு கிராமம் என்றார்கள். தூத்துக்குடியில் ஏதோ பள்ளிக்கூடத்தில் டான்ஸ் டீச்சராக இருந்துவிட்டு, பாதியில் விட்டுவிட்டு வந்தவர் என்றும் சொன்னார்கள். ஏன் விட்டார் என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எனக்கு மட்டும் அந்த 'ஏன்' நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அவர் வகுப்பு நடத்த இடம் பார்த்த விதமே எனக்குச் சரியாகப் படவில்லை. கல்யாண மண்டபத்து மாடியில், பளபளவென்று டைல்ஸ் போட்டு, நாலு ஃபேன் மாட்டிய ஹால் ஒன்றைச் சாயங்கால நேரத்துக்குத் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டார். துணிக்கடை பாய்க்குச் சொந்தமான பழைய பருத்திக் கிட்டங்கியைப் போய்ப் பிடித்தார். பொதி அடுக்கி வைக்கிற கிட்டங்கி. தரையின் ஈரம் பருத்தியைப் பிடித்துவிடக் கூடாதென்று அந்தக் காலத்தில் ஒரு முழம் உயர்த்திப் பலகை அடித்த தளம். ஒருவர் நடந்தால் கட்டிடமே முனகும். நல்ல இடத்தை விட்டுவிட்டு எலிப் புழுக்கை நாறுகிற இடத்துக்கு ஒரு பொம்பளை எதற்குப் போக வேண்டும்? துணி எடுக்கப் போனபோது பாயிடமே கேட்டுவிட்டேன்.

"அதையேன் கேக்கீங்கம்மா" என்று அவர் சிரித்தார். "வந்தாங்க, செருப்பைக் கழட்டினாங்க, குதிகாலால ரெண்டு தட்டுத் தட்டினாங்க. 'இதான் பாய் வேணும்'னுட்டாங்க. 'எலி கெடக்கு டீச்சர்'ன்னேன். 'கெடக்கட்டும், அதுவும் ரெண்டு அடவு படிச்சுக்கிடட்டும்'ங்காங்க."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வகுப்பும் அப்படித்தான். டீச்சர் நாற்காலியில் உட்கார மாட்டார். பிள்ளைகளுக்கு எதிரே பலகையில் சம்மணம் போட்டு உட்கார்வார். வலது கையில் தாளம் தட்டுகிற கழி. இடது உள்ளங்கை எந்நேரமும் பலகையில் பதிந்தே இருக்கும். பாட்டுப் பெட்டியை மேசைமேல் வைக்காமல் பலகையில் கவிழ்த்துப் போட்டிருப்பார். பாட்டைக் கவிழ்த்துவைத்துக் கேட்கிற ஆளை நான் அங்கேதான் பார்த்தேன்.

வகுப்பு ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு பிள்ளையும் பாதத்தைக் காட்ட வேண்டும். எங்கள் கரிசல் வெயிலில் பிள்ளைகளுக்கும் குதிகால் வெடித்துவிடும். வெடிப்பு இருந்தால் அவரே விளக்கெண்ணெய் தொட்டுத் தேய்த்துவிடுவார். பிள்ளைகளின் தாய்மாரெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி உருகுவார்கள். எனக்கோ, குரு ஸ்தானத்தில் இருக்கிறவர் சிஷ்யப் பிள்ளையின் காலைப் பிடிக்கிறதாவது என்றிருந்தது.

இன்னும் இருந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். பஜாரில் ஒருநாள் மூன்று தடவை "டீச்சர், டீச்சர்" என்று கத்திக்கொண்டே பின்னால் போனேன். கொத்தமல்லிக் கட்டை மோந்து பார்த்துக்கொண்டே நடந்துவிட்டார். ஆனால் எதிரில் போனால் முகம் மலர்ந்து நின்று பேசுவார். பேசுகிறபோது நம் கண்ணைப் பார்க்க மாட்டார். வாயைத்தான் பார்ப்பார். அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. உதட்டைவிட்டு இம்மி நகராது. நான் வெற்றிலை போடுகிறவள், பல்லில் காவி தெரிகிறதோ என்று முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன். மூடினால் அவர் முகம் சட்டென்று வாடிப்போகும். இது என்ன கூத்து என்று நினைத்துக்கொள்வேன்.

என்னைப் பார்த்தால்கூடப் பரவாயில்லை. என் வீட்டுக்காரரையும் அப்படித்தான் பார்த்தார். அவர் கடலை மிட்டாய் போடுகிறவர். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை. ஒருநாள் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்க டீச்சர் கொட்டகைக்கே வந்துவிட்டார். இவர் பாகுப் பதம் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, எடுத்து உருட்டி, தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்க வேண்டும், அப்போதுதான் கடலையைக் கொட்ட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் விளக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அடுப்படி ஜன்னல் வழியே டீச்சரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் சோறு போடும்போது கேட்டேன். "அந்த டீச்சர் ஒங்க மூஞ்சியில அப்படி என்னத்தக் கண்டாவ? கண்ணெடுக்காமப் பாத்தாவளே."

"நம்ம மிஷின் அண்ணாச்சியுந்தான் நாள் பூரா என் வாயப் பாக்குதாவ" என்றார் அவர். "அதுக்கு என்னட்டி செய்யச் சொல்லுத? ரசத்த ஊத்து."

மிஷின் அண்ணாச்சி என்பது எங்கள் கொட்டகையில் கடலை உடைக்கிற மிஷினை முப்பது வருஷமாக ஓட்டுகிறவர். அந்த இரைச்சலில் காது போய்விட்டது. அவரை எதற்கு இதில் இழுக்கிறார், பேச்சை மாற்றப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு ரசத்தை ஊற்றினேன். கொஞ்சம் அவர் கையிலும் சிந்தினேன்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். கோயிலில் பார்த்ததை விட முடியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மனுக்குத் தீபாராதனை. மணி அடித்ததும் கை தானாகக் குவியும், கண் தானாக மூடும். ஒரு வெள்ளிக்கிழமை என்னவோ தோன்றிப் பாதியில் கண்ணைத் திறந்தேன். அத்தனை பேரும் கண்மூடி நிற்கிறார்கள், டீச்சர் மட்டும் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு பூசாரியையும் பக்கத்தில் நிற்கிறவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த வாரம் பார்த்தேன். அதற்கடுத்த வாரமும் பார்த்தேன். ஒருநாள்கூட அவர் கண்ணை மூடவில்லை. அம்மன் முன்னால் கண்ணை மூடாதவர் மனசில் என்ன இருக்கும்? இவரிடம் படித்து ஆடினால் என் நேர்ச்சையை அம்மன் ஏற்றுக்கொள்வாளா? அதுதான் என்னைத் தின்றது. மற்றவர்களுக்கு அது டான்ஸ். எனக்கு அது பிள்ளையின் உயிருக்கு ஈடாகச் சொன்ன வார்த்தை.

அந்த வருஷம் எங்கள் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் ஆட்டம் வைப்பது என்று முடிவாகியிருந்தது. மகளுக்குப் பன்னிரண்டு வயது நடந்தது. பொங்கலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மகளைக் கூட்டிவரக் கொஞ்சம் முன்னதாகக் கிட்டங்கிக்குப் போனேன். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று சலங்கை கோத்துக்கொண்டிருந்தார். என் மகள் அவரைக் கூப்பிட வேண்டும். வாயைத் திறக்கவில்லை. குதிகாலால் பலகையில் டொம் டொம் என்று இரண்டு தட்டுத் தட்டினாள். உடனே டீச்சர் திரும்பி, "என்னம்மா?" என்றார்.

தெருவுக்கு வந்ததும் மகள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏட்டி, குருவக் காலால தட்டியா கூப்பிடுவ?"

"அப்படித்தாம்மா கூப்பிடணும்."

"யாரு சொன்னா?"

"டீச்சர்தான்."

"என்னத்துக்கு?"

கூட வந்த மற்றப் பிள்ளைகளைப் பார்த்தாள். அதுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கம் பார்த்தன. ஒன்று ஆகாயத்தைப் பார்த்தது. ஒன்று தன் பைக்குள் பார்த்தது. "அது அப்படித்தாம்மா" என்றாள் மகள்.

பிள்ளைகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு என்னவோ மறைக்கிறார் என்று அன்றைக்குத் தீர்மானமே செய்துவிட்டேன்.

மறுநாள் கிட்டங்கி வராந்தாவில் என்னோடு இரண்டு தாய்மார் காத்திருந்தார்கள். கதவு திறந்திருந்தது. உள்ளே டீச்சர் இருபதடி தூரத்தில் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொண்டிருந்தார். நான் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். தூத்துக்குடியில் என்ன நடந்ததோ, பள்ளிக்கூடத்தில் விரட்டித்தான் விட்டிருப்பார்கள், சாமி முன்னால் கண்ணை மூடாத ஆள், ஆம்பளை பொம்பளை என்று பார்க்காமல் வாயைப் பார்க்கிற ஆள், பிள்ளைகளுக்குக் காலால் கூப்பிடச் சொல்லிக்கொடுக்கிற ஆள்.

"மெதுவா, மதினி, காதுல விழுந்துரும்" என்றாள் ஒருத்தி.

"இந்தத் தாளச் சத்தத்துல எங்க விழப்போவுது? விழுந்தா விழட்டும்" என்றேன்.

அதோடு விடவில்லை. கோயில் கமிட்டித் தலைவரைப் போய்ப் பார்த்தேன். பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். நல்ல மனுஷர். பொங்கலுக்கு வருஷாவருஷம் கோயிலுக்கு வெளியே பலகை மேடை போட்டு, பாட்டுப் பெட்டி வைத்துத்தான் ஆட்டம் நடக்கும். அதை மாற்ற வேண்டும் என்றேன்.

"அண்ணாச்சி, நான் சந்நிதியில ஆட வைக்கேன்னு நேந்துருக்கேன். வெளியில மேடையில ஆடினா அம்மன் கணக்குல சேராது. சந்நிதி முன்னாடி கல்தரையிலதான் ஆடணும். பெட்டி வேண்டாம், மேளம் வாசிக்கட்டும்."

"டீச்சர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோமே, தாயி."

"அவியளுக்கு மடியில கனம் இல்லன்னா சந்நிதிக்கு வரதுக்கு என்ன பயம்?" என்றேன்.

அவர் நிறுத்த பருப்பைப் பொட்டலம் கட்டி ஓரமாக வைத்தார். பிறகு "சரி, சொல்லிப் பாக்கேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்து டீச்சர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். மத்தியான வெயிலில் நடந்து வந்து முகம் சிவந்திருந்தது. மோர் கொடுத்தேன். குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா அம்மா, சந்நிதியில ஆடட்டும். அதுல ஒண்ணுமில்ல. தரையில நாலு பலகை மட்டும் போட்டுக்கிடலாமா? நான் ஒக்காருத எடத்துலயும் பிள்ளைங்க ஆடுத எடத்துலயும். பாயிகிட்ட நான் கேட்டு வாங்கிக்கிடுதேன்."

"அம்மன் இருக்கது தரை மட்டத்துல. அவளுக்கு முன்னாடி பலகை போட்டு உசரத்துல நிக்கக் கூடாது டீச்சர். எங்க கோயில்ல அது வழக்கமில்ல" என்றேன். வழக்கமில்லை என்பது நிஜம். பூசாரிகூட மணைமேல் உட்கார மாட்டார். ஆனால் நான் அதைச் சொன்னது வழக்கத்துக்காக மட்டும் இல்லை.

அவர் என் வாயையே பார்த்தார். "வேற வழியே இல்லையா?"

"எம் பிள்ளை உயிருக்கு நேந்தது டீச்சர்."

அவர் மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சரி, ஆடட்டும்" என்று எழுந்து போனார். வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் கை சுவரைப் பிடித்துக்கொண்டது. சந்நிதியைச் சொன்னதும் ஆளுக்கு நடுக்கம் வந்துவிட்டது பார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பொங்கல் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்டம். எட்டுப் பிள்ளைகள். முன்வரிசை நடுவில் என் மகள். ஓட்டப்பிடாரம் பக்கத்து மேளம், நாகஸ்வரம் ஒன்று, தவில் இரண்டு. இடம் போதாமல் அவர்கள் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அந்தத் தூணுக்கு முன்னால் கல்தரையில் டீச்சர், எதிரே தாளம் தட்டுகிற மரக்கட்டை, கையில் கழி. நான் கையில் மாவிளக்குத் தட்டோடு டீச்சருக்கு நாலடி பின்னால் நின்றேன். உண்மையைச் சொன்னால், என்ன நடக்கிறதென்று பார்க்கத்தான் அங்கே நின்றேன்.

முதலில் மேளமில்லாமல் டீச்சர் தா தை என்று வாயால் சொற்கட்டுச் சொல்லித் தட்ட, பிள்ளைகள் அழகாக ஆடினார்கள். பிறகு நாகஸ்வரத்தில் அம்மன் பாட்டு ஆரம்பித்தது. தவில் சேர்ந்தது. கொஞ்சம் வேகமாகவே சேர்ந்தது. டீச்சரின் இடது கை கல்தரையில் பதிந்தது. எடுத்தது. தள்ளி வேறோர் இடத்தில் பதிந்தது. அங்கிருந்தும் எடுத்து இன்னோர் இடத்தில் வைத்தார். வைத்தியர் நாடி கிடைக்காமல் மணிக்கட்டைத் தடவுகிற மாதிரி இருந்தது. கழி தவிலுக்குப் பின்னால் விழுந்தது. சின்னப் பிள்ளைகள் கழியைக் கேட்பதா தவிலைக் கேட்பதா என்று தெரியாமல் முழித்தன. ஒன்று நின்றே விட்டது.

"என்ன ஆச்சு? டீச்சருக்கு மேலுக்குச் சரியில்லையா?" என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. கமிட்டித் தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நினைத்தபடிதான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் பிள்ளையின் காலும் அதோடு சேர்ந்து இடறுகிறதே, இது என் நேர்ச்சை ஆயிற்றே என்பது அப்போதுதான் உறைத்தது.

என் மகள் ஆட்டத்தை விடவில்லை. ஆடிக்கொண்டே டீச்சரைப் பார்த்து, குதிகாலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். டீச்சர் சின்னப் பிள்ளைகளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. மறுபடி ஓங்கி இரண்டு தட்டு. காலில் கட்டியிருந்த சலங்கை கலீரென்று அலறியது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் நிமிரவில்லை. மகள் என்னைப் பார்த்தாள்.

பலகையில் மெல்லத் தட்டினால் திரும்புகிறவர், கல்லில் சலங்கையோடு தட்டினாலும் திரும்பவில்லை. 'நம்ம மிஷின் அண்ணாச்சியுந்தான் என் வாயப் பாக்குதாவ.' கவிழ்த்துப் போட்ட பாட்டுப் பெட்டி. பலகையில் பதிந்த உள்ளங்கை. நாலே நாலு பலகை போடலாமா என்று வெயிலில் நடந்து வந்து கேட்ட முகம். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து என் தலையில் விழுந்தது. டீச்சருக்குக் காது கேட்காது. மரம் வழியாகத்தான் அவருக்குத் தாளம் வரும். அந்த மரத்தை நான்தான் பிடுங்கிக்கொண்டேன்.

மாவிளக்கை அம்மனுக்குக் காட்டாமலே கீழே வைத்தேன். டீச்சருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, வலது கையை அவர் முதுகில் வைத்துத் தவிலுக்குச் சரியாகத் தட்டினேன். எனக்கு டான்ஸ் தெரியாது. ஆனால் சின்ன வயதிலிருந்து வருஷாவருஷம் முளைப்பாரிக்குக் கும்மி தட்டுகிற கை. தாளம் அதற்குத் தெரியும். டீச்சர் ஒரு தடவை சிலிர்த்தார். திரும்பவில்லை. மூன்றாவது தட்டில் அவர் கழி என் கையோடு சேர்ந்து விழுந்தது. நின்றுபோன சின்னப் பிள்ளை மறுபடி காலைத் தூக்கியது.

பாட்டு முடிகிற நேரம் பூசாரி சூடம் காட்டினார். கோயில் மணியெல்லாம் சேர்ந்து அடித்தது. அந்தச் சத்தத்தில் தவில் என் காதில் விழவில்லை. கழுத்தைத் திருப்பித் தூணுக்குப் பின்னால் தவில்காரர் கையைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கும்பிட்டார்கள், கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. மூடியிருந்தால் தாளம் போயிருக்கும். எத்தனையோ வெள்ளிக்கிழமை அம்மனைக் கண்மூடிக் கும்பிட்டவள், என் நேர்ச்சை நிறைவேறுகிற நிமிஷத்தில் கும்பிடவே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் டீச்சர் திரும்பினார். என் வாயைப் பார்த்தார்.

"கடைசியில தாளத்துல கொஞ்சம் ஓடிட்டீங்க" என்றார். "மத்தபடி நல்ல கை."

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவரே சொன்னார். முப்பது வயதுக்குமேல் காது மங்க ஆரம்பித்ததாம். அவர் அம்மாவுக்கும் அப்படித்தானாம். தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் காதில் மிஷின் மாட்டிப் பார்த்தாராம். பாட்டெல்லாம் தகரத்தில் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி கேட்டதாம். கழற்றி வைத்துவிட்டார். காது கேட்காதவர் டான்ஸ் சொல்லிக்கொடுக்கிறார் என்று தெரிந்தால் யார் பிள்ளையை அனுப்புவார்கள் என்று, யாரும் கண்டுபிடிக்கும் முன்பே வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். சாமி முன்னால் ஏன் கண்ணை மூட மாட்டீர்கள் என்றும் கேட்டேன். "கண்ணையும் மூடிட்டா எனக்கு அங்கன என்ன இருக்கு? பூசாரி தட்டு காட்டுததும் தெரியாது, நீங்க எல்லாரும் போயிட்டாலும் தெரியாது. அவளப் பாத்துக்கிட்டே நிப்பேன். அவளும் கண்ணத் தொறந்துதான் இருக்கா" என்றார்.

இப்போது ஊருக்கே தெரியும். ஒரு பிள்ளையும் வகுப்பைவிட்டு நிற்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, இவர்களுக்கெல்லாம் முன்னாலேயே தெரிந்திருக்கும் என்று. பாய்க்குத் தெரியாமலா அந்தப் பலகைத் தளத்தைக் கொடுத்திருப்பார்? என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"நான்தான் அன்னைக்கே சொன்னம்லா. நீ ரசத்தக் கொட்டிட்ட" என்கிறார்.

பிள்ளைகளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். "டீச்சர் சொல்லக் கூடாதுன்னாவளா?" என்று மகளிடம் கேட்டேன்.

"இல்லம்மா, நாங்களாத்தான் சொல்லல. சொன்னா நீங்கள்லாம் அனுப்ப மாட்டீங்கல்லா" என்றவள், சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "டீச்சர் எம்புட்டுத் தூரத்துல நின்னு பேசினாலும் வாயப் பாத்தே சொல்லிருவாங்கம்மா. தெருவுக்கு எதுத்த சாரியில ரெண்டு பேரு சண்ட போட்டா, கிட்டங்கி ஜன்னல்ல நின்னுக்கிட்டே எங்களுக்கு அப்படியே பேசிக் காட்டுவாங்க."

வராந்தாவில் நான் பேசிய நாள் கண்முன்னால் வந்தது. கதவு திறந்திருந்தது. இருபதடி. சாயங்கால வெயில் என் முகத்துக்கு நேராக அடித்தது. ஒரு வார்த்தைகூடத் தப்பியிருக்காது. அந்த வாரம்தான் அவர் என் மகளை இரண்டாம் வரிசையிலிருந்து எடுத்து முன்வரிசை நடுவில் நிறுத்தினார். அவளுக்குத் தாளம் நன்றாக நிற்கும் என்பதற்காக நிறுத்தினாரா, அல்லது அம்மாக்காரிக்குப் பதில் சொல்லவா? இன்றைக்குவரை எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் மகளைக் கூட்டிவரப் போனேன். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பி ஒரு பிள்ளையின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அம்மனை மனசுக்குள் நினைத்துக்கொண்டு, குதிகாலால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினேன். திரும்பினார்.

"சொல்லுங்க."

பிள்ளைகள் இருந்தார்கள். அதனால் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன். "டீச்சர், அன்னைக்கு நான் ஒங்களப் பத்திப் பேசினதுக்கு..."

"எந்த அன்னைக்கு?" என்று அவர் வாய்விட்டுக் கேட்டார். "நீங்க பேசுத நாளு நெறைய இருக்கே, பாப்பா அம்மா."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. டீச்சர் சிரித்தாரா என்று பார்த்தேன். அதற்குள் அவர் அடுத்த பிள்ளையின் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக் குனிந்துவிட்டார்.